அந்த 110ஐ எழுதினது யாரு? – பொது விதைப் பதிவேடு அமைக்கும்போது யோசிக்க வேண்டியவை

போன வருஷம் ஆனி மாதம் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு தம்பி, மூணு மா நிலத்தில் பாரம்பரிய நெல் ரகம் ஒன்றைப் போட்டார். பம்புசெட் தண்ணீர் இருந்தது. குழுவின் விதைப் பதிவேட்டில் அந்த ரகத்துக்கு நேராக 'வயது 110 நாள்' என்று இருந்தது. ஜூன் 20ல் நாற்று விட்டால் அக்டோபர் 8 வாக்கில் அறுத்துவிடலாம், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் நெல் வீடு வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார்.

அக்டோபர் வந்தது. கதிர் வரவில்லை. பயிர் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஆள் நின்றால் தெரியாத உயரம். நவம்பர் கடைசியில்தான் கதிர் வாங்கியது. டிசம்பர் முதல் வாரத்து மழையில் மொத்தமும் படுத்துவிட்டது. தேறியது பாதிகூட இல்லை, அதிலும் பதர் அதிகம்.

அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சார், அந்த 110ஐ எழுதினது யாரு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதிவேட்டைப் பராமரிப்பவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் லெட்ஜரோடு குடும்பம் நடத்தியவன். ஒரு பதிவை யார் போட்டார்கள் என்று கேட்டால் 'தெரியாது' என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இப்போது பல ஊர்களில் இளைஞர்கள் விதைப் பட்டியல், பூச்சிவிரட்டிக் குறிப்பு, நாட்டு மாடு விவரம் என்று எல்லோரும் சேர்ந்து எழுதும் பொதுப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் தொடங்குகிறார்கள். ஆர்வத்தில் முதல் நாளே எக்செல்லைத் திறந்து கட்டம் போட்டுவிடுகிறோம். எந்தக் கட்டம் வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் பின்னால் வரும் எல்லாத் தப்புக்கும் விதை விழுகிறது. நான் செய்த தப்பையும், பிறகு தெரிந்துகொண்டு மாற்றியதையும் சொல்கிறேன்.

வயது ஒரு இருப்புத் தொகை

விசாரித்ததில் தெரிந்தது இது. அதே ரகத்தை எங்கள் குழுவில் ஏற்கெனவே இரண்டு பேர் பயிர் செய்திருந்தார்கள். ஒருவர் ஆகஸ்ட் 15ல் நாற்று விட்டு ஜனவரி 5ல் அறுத்தார். 143 நாள். இன்னொருவர் செப்டம்பர் 26ல் நாற்று விட்டு ஜனவரி 14ல் அறுத்தார். 110 நாள். நாற்று விட்டதில் 42 நாள் வித்தியாசம்; அறுவடையிலோ ஒன்பது நாள்தான். முதலில் 143 என்று பதிவாகியிருந்த கட்டத்தை யாரோ பார்த்து, 'நம்ம வயல்ல 110 தானே வந்துச்சு' என்று நல்லெண்ணத்தோடு திருத்திவிட்டார்கள். இரண்டு எண்ணும் பொய் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டம் வைத்ததுதான் பொய்.

சம்பாப் பட்டத்து நாட்டு ரகங்களில் பல, பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துக் கதிர் விடுபவை. பகல் குறுகினால்தான் பூக்கும். ஆனியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் அந்தப் பொழுதுக்காகக் காத்திருக்கும். ரொம்ப முன்னால் விதைத்தால் காத்திருக்கிற நாளெல்லாம் வைக்கோலாக வளர்ந்து, கடைசியில் சாயும். 1966ல் வெளியான ஐ.ஆர். 8ம் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான ரகங்களும் இந்தக் குணம் இல்லாதபடி உருவாக்கப்பட்டவை. அவற்றுக்கு 'வயது இத்தனை நாள்' என்று பெட்டியில் அச்சடிக்கலாம். அறுபதாம் குறுவை மாதிரி குறுகிய கால நாட்டு ரகத்துக்கும் அது பொருந்தும், பெயரிலேயே இருக்கிறது. ஆனால் சம்பா ரகத்துக்கு நம் பெரியவர்கள் வயதைக் கேட்க மாட்டார்கள், பட்டத்தைத்தான் கேட்பார்கள். நான் விதைக் கம்பெனி அட்டவணையைப் பார்த்துக் கட்டம் போட்டேன். பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் போட்டிருந்தால் அந்தக் கட்டமே வந்திருக்காது.

வங்கிக் கணக்கில் 'இருப்பு' என்ற தொகையை யாரும் தன்னிஷ்டத்துக்கு எழுதுவதில்லை. வரவு, செலவு பதிவுகள்தான் எழுதப்படும். இருப்பு அவற்றிலிருந்து தானே வரும். இருப்பில் சந்தேகம் வந்தால் வவுச்சரை எடுத்துப் பார்க்கலாம். வயதும் அப்படி ஒரு இருப்புதான். நாற்று விட்ட தேதி, கதிர் வாங்கிய தேதி, அறுத்த தேதி ஆகியவைதான் வவுச்சர். நான் வவுச்சர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு இருப்பை மட்டும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எந்த ஆய்வாளர் வந்திருந்தாலும் அன்றே எனக்கு மெமோ கொடுத்திருப்பார்.

ஆகவே இப்போது எங்கள் பதிவேட்டில் ரகத்தின் வயது என்று கட்டமே இல்லை. ஒரு வயலில், ஒரு வருஷம் நடந்தது ஒரு பதிவு. அதே ரகம் பத்து வயலில் போனால் பத்துப் பதிவு. முடிவைப் படிப்பவர் எடுத்துக்கொள்ளட்டும்.

விக்கித்தரவு செய்திருப்பது

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் விக்கித்தரவை எனக்குக் காட்டினாள். விக்கிப்பீடியாவின் தங்கை மாதிரி, 2012 அக்டோபரில் தொடங்கியது. விக்கிப்பீடியா கட்டுரைகளின் தொகுப்பு; இது தகவல் துணுக்குகளின் தொகுப்பு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். அப்படித் திறந்து விட்டால் ஒரே களேபரமாக அல்லவா இருக்கும் என்று நினைத்தேன். அதன் அமைப்பைப் பார்த்தபோதுதான் புரிந்தது, எங்கள் பிரச்சினையை அவர்கள் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

அங்கே எந்தப் பொருளுக்கும் அடையாளம் பெயர் அல்ல, எண்தான். தமிழ்நாட்டுக்கு கியூ 1445. பெயர் தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, மறுபெயர்கள் எத்தனை வேண்டுமானாலும் அந்த எண்ணின் கீழ் வரும். ஒரே பொருளுக்குத் தெரியாமல் இரண்டு எண் கொடுத்துவிட்டால் இரண்டையும் இணைப்பார்கள். ஆனால் பழைய எண்ணைத் தேடினாலும் அது புது எண்ணுக்கு வழி காட்டும். அந்த எண்ணை வேறு எதற்கும் கொடுப்பதில்லை.

அடுத்தது, முரண்பாட்டை அவர்கள் நடத்தும் விதம். ஒரு விஷயத்துக்கு இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 'எங்கிருந்து கிடைத்தது' என்ற ஆதாரத்தை ஒட்டி வைக்க இடம் உண்டு. தப்பு என்று நிரூபணமானதைக்கூட அழிக்க வேண்டியதில்லை, 'ஏற்கத்தக்கதல்ல' என்று அடையாளம் போட்டு அங்கேயே வைக்கலாம். ஏன்? அழித்துவிட்டால் நாளைக்கு இன்னொருவர் அதே தப்பைப் புதுசு என்று நினைத்துக் கொண்டுவந்து சேர்ப்பார். எங்கள் 110 கதை அதுதானே!

இன்னொன்று என்னை ரொம்பவே கவர்ந்தது. 'தெரியவில்லை' என்பதற்கும் 'கிடையாது' என்பதற்கும் அங்கே தனித்தனி அடையாளம். நம் பதிவேட்டில் 'குலைநோய்' என்ற கட்டம் காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? நோய் வரவில்லையா, யாரும் வயலில் இறங்கிப் பார்க்கவில்லையா? காலிக் கட்டத்தை 'வரவில்லை' என்று படித்துவிட்டு, 'இந்த ரகம் குலைநோயைத் தாங்கும்' என்று ஒருவர் விதைத் திருவிழாவில் மைக் பிடித்துச் சொன்னால் அவ்வளவுதான். பார்த்தேன், இல்லை, பார்த்தேன், இருந்தது, பார்க்கவில்லை. மூன்றும் வேறு வேறு.

பெயரும் விதையும்

பெயர் விஷயத்தில் நம் சங்கடம் பெரியது. 'மாப்பிள்ளை சம்பா' என்று ஒருவர் அடிக்கிறார், 'மாப்பிள்ளைச் சம்பா' என்று இன்னொருவர் 'ச்' போட்டு அடிக்கிறார். நமக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. கவுனியைக் கவுணி என்றும் கவனி என்றும் எழுதியவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவந்தவரின் கோப்பு, என் கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தது. யூனிகோடில் மட்டுமே அடிப்பது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

எழுத்துப் பிழையாவது சின்னச் சங்கடம். ஒரே பெயரில் இரண்டு ஊரில் இரண்டு விதை ஓடுகிறதே, அது பெரிது. மறைந்த நெல் ஜெயராமன் அவர்கள் ஊர் ஊராகத் தேடி 174 ரகங்களை மீட்டு, இரண்டு கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்று உழவர்கள் கையில் பரப்பிவிட்டார். அப்படிப் பரவிய விதை, கைக்குக் கை மாறி, களத்தில் கலந்து, சிலர் கலப்பை நீக்கி, சிலர் நீக்காமல் இன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'இந்த ரகம்' என்பதும் 'என் வீட்டுக் கோட்டையில் இருக்கிற இந்த விதை' என்பதும் ஒன்றல்ல.

வங்கியில் வாடிக்கையாளர் எண் வேறு, கணக்கு எண் வேறு. ஒருவருக்கு ஒரே வாடிக்கையாளர் எண். அதன் கீழ் சேமிப்பு, நகைக்கடன், பயிர்க்கடன் என்று நான்கு கணக்கு. அதே மாதிரி நாங்கள் ரகத்துக்கு ஒரு எண், ஒவ்வொருவரிடமும் உள்ள விதைக்குத் தனி எண் என்று பிரித்துவிட்டோம். விதை எண்ணோடு 'யாரிடமிருந்து, எந்த வருஷம் வாங்கியது' என்பதும் வரும். வயல் பதிவு எல்லாம் விதை எண்ணோடுதான் சேரும், ரகத்தோடு நேராகச் சேராது. ரகம் எது என்பதில் நாளைக்குத் தகராறு வந்தால் விதை எண்ணை ரகத்திலிருந்து கழற்றி வேறு ரகத்தில் மாட்டலாம். வயல் பதிவு ஒன்றும் கெடாது.

என் முதல் பதிவேட்டில் 46 கட்டம் இருந்தது. தண்டின் நிறம், தோகையின் நீளம், மூக்கின் நிறம் என்று எல்லாம். நிரம்பியது பெயரும் விளைச்சலும்தான். இப்போது ஒன்பது: விதை எண், பயிர் செய்தவர், ஊர், நிலம், நாற்று விட்ட நாள், நட்ட நாள், கதிர் வாங்கிய நாள், அறுத்த நாள், விளைச்சல். பத்தாவதாக 'மற்றவை' என்று ஒரு அகலக் கட்டம். இந்த யோசனை 2004ல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து வந்தது. அங்கே கட்டங்களை யாரும் மேலிருந்து விதிக்கவில்லை. பங்கெடுப்பவர் தனக்குத் தெரிந்த குணத்தைத் தன் சொல்லில் ஒட்டலாம். நிறையப் பேர் ஒரே சொல்லைப் பயன்படுத்தும்போது அது வழக்கமாகிறது. எங்களிடமும் 'மற்றவை'யில் ஒரே விஷயம் பத்துப் பேர் எழுதிவிட்டால் அதற்குத் தனிக் கட்டம். 'சாய்ந்ததா?' என்பது அப்படித்தான் கட்டமாகியது.

அளவில் மட்டும் கறாராக இருக்கிறோம். எங்கள் பக்கம் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். குழி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். மூட்டை எங்களுக்கு 60 கிலோ, வேறு ஊரில் 75 கிலோ. ஆகவே விவசாயி சொன்னதை அப்படியே ஒரு கட்டத்தில், சென்ட்டாகவும் கிலோவாகவும் மாற்றியதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுகிறோம். மாற்றியதை மட்டும் வைத்தால், மாற்றியவர் தப்பு செய்திருந்தால் கண்டுபிடிக்க வழி இல்லை. அறுத்த அன்றைய எடையா, காயவைத்த எடையா என்பதையும் கேட்டு எழுத வேண்டும்.

யார் எழுதலாம் என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். என் பழக்கம் வங்கிப் பழக்கம்: ஒருவர் பதிவு போட வேண்டும், இன்னொருவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படியே செய்தோம். இரண்டு மாதத்தில் ஒப்புதலுக்காக என்னிடம் தேங்கிக் கிடந்த பதிவுகள் ஐம்பதைத் தாண்டின. ஆட்கள் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். விக்கியின் வழி வேறு. தப்பு செய்வதைக் கடினமாக்குவதில்லை. தப்பைத் திருத்துவதைச் சுலபமாக்குகிறது. ஒவ்வொரு மாற்றமும் யார், எப்போது என்ற விவரத்தோடு நிற்கும், ஒரே சொடுக்கில் பழையபடி ஆக்கலாம். இப்போது தன் வயல் பதிவை யாரும் நேராக எழுதலாம். மற்றவர் பதிவை யாரும் தொடக்கூடாது, பக்கத்தில் குறிப்பு எழுதலாம். இரண்டு ரகத்தை ஒன்று என்று இணைப்பதற்கு மட்டும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

கதவைத் திறந்து வைக்கலாமா?

இதுதான் கூட்டத்தில் சூடாகிப்போன விஷயம். மூத்த உழவர் ஒருவர் கேட்டார்: "மேனேஜர் சார், எல்லாத்தையும் தொறந்து வெச்சுட்டா கம்பெனிக்காரன் வந்து அள்ளிக்கிட்டுப் போயி, நமக்கே வெலைக்கு விப்பான். அப்ப என்ன செய்வீங்க?"

நியாயமான பயம். மஞ்சளுக்குப் புண் ஆற்றும் குணம் இருக்கிறது என்று 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வழக்காடி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. எப்படி வென்றது? பழைய நூல்களையும், 1953ல் வந்த மருத்துவ இதழ்க் கட்டுரையையும் காட்டி. அதாவது, தேதியோடு எழுத்தில் வெளிவந்திருந்ததுதான் காப்பாற்றியது. பாட்டி சொன்னாள் என்பது அங்கே செல்லவில்லை. அதற்குப் பிறகு 2001ல் அரசு தொடங்கிய மரபு அறிவு மின்நூலகம் வேறு முடிவு எடுத்தது: எல்லாவற்றையும் தொகுத்தார்கள், ஆனால் ஒப்பந்தம் போட்ட காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டும் திறந்தார்கள். பெரிய திருட்டைத் தடுக்க அது உதவும். ஆனால் விதை தேடும் சக உழவருக்கு அந்தப் பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

திறப்பதிலும் வகை உண்டு. 1990களில் இசைத்தட்டுகளின் பாட்டுப் பட்டியலை உலகம் முழுக்க ரசிகர்கள் இலவசமாக அடித்துச் சேர்த்த சிடிடிபி என்ற பட்டியல், பிறகு ஒரு கம்பெனியின் சொத்தாகிப் போனது. உழைத்தவர்களே கம்பெனியின் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று. உரிமத்தை முதலிலேயே தெளிவாக எழுதாததன் பலன். விக்கித்தரவு எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவில் விடுகிறது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப், எடுத்து மேம்படுத்திப் பொதுவில் விடுகிறவர் அதையும் அதே உரிமத்தில்தான் விட வேண்டும் என்கிறது. நாங்கள் இரண்டாவது வழியைப் பிடித்தோம்: பெயர் சொல்லி எடுத்துக்கொள், இதை வைத்து நீ உருவாக்கி வெளியிடுவதையும் இதே மாதிரி திறந்து வை. இதில் நஷ்டமும் உண்டு. இந்த நிபந்தனை இருப்பதால் எங்கள் பதிவேட்டை அப்படியே விக்கித்தரவில் கொட்ட முடியாது. தெரிந்தேதான் செய்தோம்.

மூலிகை மருத்துவக் குறிப்பு, கைபேசி எண், வயலின் சரியான இடம் ஆகிய மூன்றும் பொதுவில் போகாது. பெரியவர் அதற்குச் சம்மதித்தார். முழு மனசோடு என்று சொல்ல மாட்டேன்.

உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2012ல் உரிமம் மாற்றியபோது, சம்மதிக்காதவர்கள் வரைந்த சாலைகளையும் தெருக்களையும் வரைபடத்திலிருந்து நீக்க வேண்டி வந்தது. நாங்களும் பழைய பதிவுக்காரர்களின் வீட்டுக்கு வீடு போய்க் கையெழுத்து வாங்கினோம். ஒரு பெரியவர் அதற்குள் காலமாகியிருந்தார். அவர் மகன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அப்பா பேரு அதுல இருக்கும்ல?" என்று கேட்டார். இருக்கும் என்றேன்.

வருஷத்துக்கு ஒரு முறை மொத்தப் பதிவேட்டையும் சாதாரண எழுத்துக் கோப்பாக எடுத்து மூன்று பேர் வீட்டில் வைக்கிறோம், ஒரு படி அச்சடித்தும் வைக்கிறோம். ஃப்ரீபேஸ் என்ற பெரிய பொதுத் தரவுத்தளத்தை 2010ல் கூகுள் வாங்கி 2016ல் மூடியது. யாரும் முழுப் படி எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்ததால் தகவல் தப்பியது, ஒரு பகுதி விக்கித்தரவுக்கும் போனது.

அந்தத் தம்பியின் மூணு மாவும் இப்போது ஒரு பதிவாக இருக்கிறது: ஜூன் 20 நாற்று, நவம்பர் 24 கதிர், டிசம்பரில் சாய்ந்தது. எழுதச் சொன்னபோது, "நட்டத்தையும் எழுதணுமா சார்?" என்றார். எழுதினார். இந்த ஆனியில் அதே விதையைக் கேட்டு வந்த இரண்டு பேர் அந்த வரியைப் பார்த்துவிட்டு ஆவணிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இதற்கிடையில் எங்கள் பதிவேட்டில் 14ஆம் எண் கவுனியும் 31ஆம் எண் கவுனியும் ஒன்றா வேறா என்று தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சம்பாவில் என் வயலில் பத்துக் குழியில் அது, பத்துக் குழியில் இது என்று பக்கத்தில் பக்கத்தில் நடப்போகிறோம். கதிர் வாங்கியதும் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து பார்ப்பதாகப் பேச்சு.